சக்கரத்துக்கு நிதானம் தந்தவர்

பாலைக் காய்ச்சி உறை ஊற்றி, மறுநாள் விடியற்காலையில் மத்துப் போட்டுக் கடைந்தால் வெண்ணெய் திரளும். கம்பத்திலும் சின்னமனூரிலும் பாட்டிமார்கள் காலங்காலமாகச் செய்த வேலை இது. ஒரு பானை தயிரைக் கடைவதற்குள் கை ஓய்ந்து விடும். ஆயிரம் லிட்டர் பாலில் இருந்து கொழுப்பைப் பிரிக்க வேண்டும் என்றால்?

பால் பண்ணைகளில் அந்த வேலையை ஓர் எந்திரம் செய்கிறது. அது கடைவதில்லை, பாலைச் சுழற்றுகிறது. இந்த எந்திரத்தை உலகத்துக்குத் தந்தவர், மாடு மேய்த்தவரும் அல்ல, பால் வியாபாரியும் அல்ல. இரும்பு ஆலையில் வேலை பார்த்த ஓர் என்ஜினீயர். அவர் பெயர் குஸ்தாவ் டி லாவல்.

பனி நாட்டுப் பிள்ளை

ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள பனி நாடு சுவீடன். அங்கே ஓர்சா என்ற ஊரில் 1845-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி லாவல் பிறந்தார். தலைநகரமான ஸ்டாக்ஹோமில் என்ஜினீயரிங் படித்தார். பிறகு உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து, 1872-ல் டாக்டர் பட்டம் பெற்றார். படித்து முடித்ததும் இரும்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் பாலை அகன்ற தட்டுகளில் ஊற்றி வைப்பார்கள். கொழுப்பு தானாக மேலே மிதந்து வரும் வரை மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். அதற்குள் பால் புளித்து விடுவதும் உண்டு. ஜெர்மனியில் பாலைச் சுழற்றிப் பிரிக்கும் எந்திரம் ஒன்று வந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதை நிறுத்தித்தான் பாலாடையை எடுக்க வேண்டும். நிறுத்தாமல் ஓடும் எந்திரம் செய்ய முடியாதா என்று லாவல் யோசித்தார்.

கவண் கல்லின் ரகசியம்

தினைப்புனத்தில் கிளி விரட்டும் கவணைப் பாருங்கள். கல்லை வைத்துச் சுழற்றினால், கல் வெளியே பாயத் துடிக்கிறது. கயிறு கையை இழுக்கிறது. இந்த வெளிப்பாய்ச்சலுக்கு மைய விலக்கு விசை என்று பெயர்.

பாலைச் சுழற்றினாலும் அப்படித்தான். கனமான பால் வெளிப்பக்கம் ஒதுங்கும். இலேசான கொழுப்பு நடுவில் தங்கும். இரண்டையும் தனித்தனி வழியாக வெளியேற்றினால், ஒரு பக்கம் பால் உள்ளே போய்க்கொண்டே இருக்க, மறு பக்கம் பாலாடை வந்துகொண்டே இருக்கும்.

1878-ல் லாவல் இதைச் செய்து காட்டினார். 1883-ல் கூட்டாளியுடன் சேர்ந்து கம்பெனி தொடங்கினார். எந்திரம் நாடு நாடாகப் போயிற்று. பணமும் புகழும் குவிந்தன. சுவீடன் பாராளுமன்றத்திலும் உறுப்பினர் ஆனார்.

வந்தது சோதனை

பால் எந்திரம் வேகமாகச் சுழல வேண்டும். அதை ஓட்டுவதற்கு வேகமான ஓர் எந்திரம் தேவைப்பட்டது. ஆண்டிப்பட்டிப் பக்கம் காற்று வீசினால் காற்றாலை சுற்றுகிறது அல்லவா? அதுபோல நீராவியை ஒரு சக்கரத்தின் மீது பாய்ச்சினால் என்ன? லாவல் அதைத்தான் செய்தார். நீராவி வரும் குழாயின் வாயை முதலில் குறுக்கி, பிறகு அகலப்படுத்தினார். நீராவி ஒலியை மிஞ்சும் வேகத்தில் சீறிப் பாய்ந்தது. அந்தச் சீற்றத்தை முழுமையாகப் பயன்படுத்த வேண்டுமானால், சிறிய சக்கரம் நிமிடத்துக்கு 30,000 தடவை சுற்ற வேண்டும். அதாவது, கண் மூடித் திறக்கும் ஒரு விநாடியில் 500 சுற்று!

இங்கேதான் ஆபத்து காத்திருந்தது.

ஒரு சக்கரத்தில் ஒரு பக்கம் ஒரு கிராம் எடை கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மையத்தில் இருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. சக்கரம் நிற்கும்போது அது தூசுக்குச் சமம். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். நிமிடத்துக்கு 30,000 சுற்று வரும்போது, அந்த ஒரு கிராம் ஏறத்தாழ 50 கிலோ மூட்டையைப் போல இழுக்கும்! அதுவும் ஒரே பக்கமாக அல்ல. விநாடிக்கு 500 தடவை திசை மாறி மாறி இழுக்கும். எந்தத் தண்டு தாங்கும்?

எடையைச் சரிபார்த்துச் சமப்படுத்தலாம். ஆனால் மயிரிழை பிசகும் இல்லாமல் சக்கரம் செய்ய மனிதக் கையால் முடியாது. தண்டைத் தடியாக்கலாம் என்பதுதான் எல்லோருக்கும் தோன்றும் யோசனை. தடியாக்கினாலும் அதிர்ச்சி அடங்காது. தண்டின் இரு முனைகளையும் தாங்கும் இடங்கள் அடி வாங்கும்.

வளைந்து கொடுத்தால் வெற்றி

லாவல் நேர்மாறாக யோசித்தார். தண்டை மெல்லியதாக்கினார். வளைந்து கொடுக்கும்படி செய்தார்.

எந்தச் சக்கரத்துக்கும் இரண்டு மையம் உண்டு. ஒன்று, தண்டு செருகிய நடு இடம். மற்றொன்று, எடையின் நடு இடம். இரண்டும் ஒரு மயிரிழையாவது விலகித்தான் இருக்கும். தடித்த தண்டு, முதல் மையத்தில் சுற்று என்று சக்கரத்தைக் கட்டிப் பிடிக்கிறது. வேகமாகச் சுழலும் சக்கரமோ எடையின் மையத்தில் சுற்றப் பார்க்கிறது. இந்தச் சண்டைதான் அதிர்ச்சி.

மெல்லிய தண்டு சண்டை போடவில்லை. வேகம் ஏறும்போது ஒரு கட்டத்தில் சக்கரம் பயங்கரமாக ஆடியது. அந்தக் கட்டத்தில் நிற்காமல் விரைந்து தாண்டியதும் ஆட்டம் அடங்கியது. தண்டு சிறிது வளைந்து இடம் கொடுக்க, சக்கரம் தன் எடையின் மையத்தைத் தானே தேடிக்கொண்டு, அமைதியாகச் சுழன்றது. புயலில் நாணல் பிழைத்த கதைதான்!

1893-ல் அமெரிக்காவில் சிகாகோ நகரத்துப் பொருட்காட்சியில் லாவலின் நீராவிச் சக்கரம் வைக்கப்பட்டது. குறுகி விரியும் அந்தக் குழாய் வாய் இன்று ராக்கெட்டுகளில் இருக்கிறது. நம் நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் ராக்கெட் என்ஜின்களிலும் அதே வடிவம்தான்.

எதிர் எடை இல்லாத வாழ்வு

லாவல் சும்மா இருக்கவில்லை. பால் கறக்கும் எந்திரம், உலோகம் உருக்கும் உலை என்று ஒன்று முடிவதற்குள் அடுத்ததில் இறங்கினார். சுவீடனில் மட்டும் 92 காப்புரிமைகள் பெற்றார். 37 கம்பெனிகள் தொடங்கினார். பல நொடித்துப் போயின. ஒன்றில் வந்த லாபத்தை இன்னொன்றில் கொட்டினார். 1913-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி ஸ்டாக்ஹோமில் அவர் கண் மூடியபோது, சம்பாதித்த செல்வம் எல்லாம் கரைந்து போயிருந்தது. அவர் தொடங்கிய பால் எந்திரக் கம்பெனியோ இன்றும் ஆல்பா லாவல் என்ற பெயரில் நடக்கிறது.

பாலின் கொழுப்பை அளக்கும் பழைய முறை ஒன்று உண்டு. கண்ணாடிக் குழாய்களில் பாலையும் அமிலத்தையும் ஊற்றி, வட்டமான எந்திரத்தில் வைத்துச் சுழற்றுவார்கள். ஒரு குழாய் வைத்தால், அதற்கு நேர் எதிரே இன்னொன்று வைக்க வேண்டும். ஜோடி இல்லை என்றால், அதே எடைக்குத் தண்ணீர் நிரப்பிய குழாயாவது வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்திரம் ஆட்டம் போடும்.

ஒவ்வொரு எடைக்கும் எதிரே ஓர் எடை வேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் எதிரே ஒரு சேமிப்பு வேண்டும். சக்கரத்துக்கு நிதானம் தந்த அந்த மேதை, தன் வாழ்க்கைக்கு மட்டும் அதைத் தர மறந்து விட்டார். ஆனால் அவர் சுழற்றி விட்ட சக்கரம் இன்னும் நிற்கவில்லை.