மூளையின் குருதி வழி கண்டவர்

தாமஸ் வில்லிஸ் 1621-இல் இங்கிலாந்தில், வில்ட்ஷயரில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்று மருத்துவரானார். 1660-இல் அங்கேயே பேராசிரியரானார்.

ஒருமுறை, இறந்த ஒருவரின் உடலை அறுத்து ஆராய்ந்தார். மூளைக்குச் செல்லும் பெருங்குழாய்களுள் ஒன்று கல்லாய் இறுகி அடைபட்டிருந்தது. ஆயினும் அம்மனிதர் இறந்தது வேறொரு நோயால்! அடைபட்டும் மூளை வாழ்ந்தது எங்ஙனம்?

விடை தேடினார் வில்லிஸ். கழுத்துக் குழாய் ஒன்றில் மை கலந்த நீரைச் செலுத்தினார். மறுபக்கக் குழாய்களிலும் அது பரவிற்று. நாயின் கழுத்துக் குழாய்களைக் கட்டிப் பார்த்தார், நாய் பிழைத்தது. மூளையின் அடியில் குழாய்கள் வட்டமாக இணைந்திருக்கின்றன. ஒரு வழி அடைபட்டால் மறு வழி உதவும் என்று தெளிந்தார். அவ்வட்டத்தைப் பிறர் முன்னரே கண்டிருந்தனர். அதன் பயனை விளக்கியவர் வில்லிஸே. 1664-இல் வெளிவந்த அவரது மூளை நூலுக்குப் படம் வரைந்தவர்களுள் கட்டடக்கலைஞர் கிறிஸ்டபர் ரென்னும் ஒருவர். 1675-இல் வில்லிஸ் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

இன்று ஆய்வாளர்கள் எலியின் மூளைக் குழாயை அடைத்து, காந்தப் படக் கருவியால் குருதியோட்டத்தைக் காண்கின்றனர். அடைப்பின் நடுப்பகுதி விரைவில் மடிகிறது. பக்கவழிக் குருதி சிறிதேனும் எட்டும் விளிம்போ சில மணிநேரம் உயிரோடு காத்திருக்கிறது. அதற்குள் அடைப்பை நீக்கினால் அதனைக் காக்கலாம்.

நண்பர்களே! வீட்டில் ஒருவருக்கு வாய் கோணினால், நாக்குழறினால், கை சோர்ந்தால், விடியட்டும் என்று இராதீர்கள். உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். அந்த விளிம்பு காத்திருக்கிறது.