கோஷ்டோ பால்

கோஷ்டோ பால் (ஆகஸ்ட் 20, 1896 - ஏப்ரல் 1976) இந்தியாவின் புகழ்பெற்ற காற்பந்தாட்ட வீரர்களுள் ஒருவர். கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்திற்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்கள ஆட்டக்காரராக விளையாடியவர். வெறுங்காலுடன் ஆடி, பூட்சு அணிந்த ஐரோப்பிய அணிகளின் தாக்குதலைத் தடுத்து நிறுத்தியமையால் சீனப் பெருஞ்சுவர் என்ற பட்டப்பெயரைப் பெற்றார். 1962 ஆம் ஆண்டு இந்திய அரசின் பத்மசிறீ விருது இவருக்கு வழங்கப்பட்டது.

இளமைக் காலம்

இவர் கிழக்கு வங்காளத்தின் பரீத்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த போஜேசுவர் என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் தற்போது வங்காளதேசத்தில் உள்ளது. சிறு வயதிலேயே கல்கத்தாவிற்கு வந்து, குமார்துலி பகுதியில் இருந்த கழகத்தில் ஆடத் தொடங்கினார். 1912 இல் மோகன் பகானில் சேர்ந்தார்.

அவர் சேர்ந்த நேரம் குறிப்பிடத்தக்கது. 1911 சூலை 29 அன்று மோகன் பகான் அணி கிழக்கு யார்க்சையர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியிருந்தது. ஐரோப்பிய அணியை இறுதியாட்டத்தில் வீழ்த்தி அக்கேடயத்தை வென்ற முதல் இந்திய அணி அதுவே. அதன்பின் கழகத்தின் ஒவ்வொரு தோல்விக்கும் வங்காளத்து இரசிகர்கள் காரணம் கேட்டனர். கோஷ்டோ பாலின் விளையாட்டு வாழ்க்கை முழுவதும் இந்த எதிர்பார்ப்பின் நிழலிலேயே கழிந்தது எனலாம்.

ஆட்டமுறை

உறுதியான உடற்கட்டும், எதிரணி முன்களத்தினரின் போக்கை முன்கூட்டியே கணிக்கும் திறனும் இவரது வலிமைகள். வெறுங்காலால் பூட்சுக்கால்களுக்கு எதிரே பந்தைப் பறிப்பது எளிதன்று. விரல் நசுங்குவதும் கணுக்கால் பிசகுவதும் அன்றாட நிகழ்வுகள். காய்ந்த தரையில் வெறுங்காலுக்கு விரைவும் பந்தின் மேல் பிடியும் கிடைத்தன. மழை பெய்து தரை சேறானால் அந்த அனுகூலம் அப்படியே எதிரணிக்குப் போய்விடும். கல்கத்தாவின் காற்பந்துப் பருவமோ மழைக்காலத்தோடு இணைந்தே வருவது.

1921 முதல் 1926 வரை இவர் அணித்தலைவராக இருந்தார். 1923 இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில், மழையில் ஊறிய தரையில், மோகன் பகான் கல்கத்தா காற்பந்துக் கழகத்திடம் 0-3 எனத் தோற்றது. அதே ஆண்டு பம்பாயில் ரோவர்சு கோப்பை இறுதியாட்டத்தில் டர்ஃகம் படைப்பிரிவிடம் 1-4 எனத் தோற்றது. 1925 இல் சிம்லாவில் நடந்த டியூரண்டு கோப்பையில் அரையிறுதி வரை சென்றது. 1933 இல் இலங்கைக்குச் சென்ற இந்திய அணிக்கு இவரே தலைமை தாங்கினார். மறு ஆண்டு தென்னாப்பிரிக்கா சென்ற அணியில் இவர் இடம்பெற இயலவில்லை. சன்மத தத்தர் தலைவராகச் சென்றார். காற்பந்து தவிர ஆக்கி, துடுப்பாட்டம், டென்னிசு ஆகியவற்றிலும் மோகன் பகானுக்காக ஆடியவர்.

நடுவர் தீர்ப்புகள்

ஐ.எஃப்.ஏ. என்ற இந்தியக் காற்பந்துச் சங்கம், பெயர் எவ்வாறிருப்பினும், வங்காளத்தின் ஆட்டங்களை நடத்திய அமைப்பேயாகும். 1893 இல் தோன்றிய இச்சங்கத்தில் ஐரோப்பியர் கை நெடுங்காலம் ஓங்கியிருந்தது. கல்கத்தா லீகின் முதல் பிரிவில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மேல் இடமில்லை என்ற வரம்பு 1925 இல் கிழக்கு வங்காளக் கழகம் நுழையும் வரை நீடித்தது. நடுவர்களிலும் பெரும்பாலோர் ஐரோப்பியரே. கல்கத்தா காற்பந்துக் கழகம் ஆடும் நாளில் விசில் யார் பக்கம் ஊதும் என்ற ஐயம் இந்திய இரசிகர்களிடையே எப்போதும் இருந்தது.

பின்கள ஆட்டக்காரருக்கு இது வெறும் மனக்குறை அன்று. 1925 வரை, பந்து தரப்படும்போது தாக்குபவருக்கும் இலக்குக்கும் இடையே எதிரணியினர் மூவர் இல்லாவிடில் அது ஆஃப்சைடு. அவ்வாண்டு மூவர் என்பது இருவர் ஆக்கப்பட்டது. ஒரு பின்களத்தவர் ஓரடி முன்னேறித் தாக்குபவரைச் சிக்கவைத்த பழைய உத்தி அதனால் ஆபத்தானதாயிற்று. எது ஆஃப்சைடு, எது முறையான தடுப்பு, எது முறையற்ற மோதல் என்பவற்றை ஒரு நடுவரும் இரு எல்லைக்கோட்டு நடுவர்களும் கண்ணால் கண்டே முடிவு செய்தனர். ஒரு தீர்ப்பைத் திரும்பப் பார்க்கும் வழி அந்நாளில் இல்லை.

1935 இல் கல்கத்தா காற்பந்துக் கழகத்துடனான ஆட்டத்தில், தொடர்ந்து தமக்கு எதிராகத் தீர்ப்புகள் வழங்கப்படுவதாகக் கருதிய மோகன் பகான் வீரர்கள் மைதானத்திலேயே படுத்துக்கொண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். இதில் முன்னின்றவர் கோஷ்டோ பால். அப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1930 ஆம் ஆண்டுச் சட்டமறுப்பு இயக்கத்தின்போது இந்தியக் கழகங்கள் லீகிலிருந்து விலகியமையால் அப்பருவமே நிறைவுறாமல் போயிருந்தது. ஆட்டக்களத்தில் படுத்து மறியல் செய்யும் எண்ணம் வெறும் விளையாட்டுக் கோபத்தால் மட்டும் வந்ததன்று என்பதை இப்பின்னணி காட்டும். அந்த நிகழ்வோடு அவரது ஆட்ட வாழ்க்கை முடிவுக்கு வந்தது.

மதிப்பீடு

கோஷ்டோ பால் ஆடிய காலம் முழுவதிலும் மோகன் பகான் கல்கத்தா லீகையோ ஐ.எஃப்.ஏ. கேடயத்தையோ ஒருமுறைகூட வெல்லவில்லை. கூச் பெகார் கோப்பை போன்றவற்றை வென்றதும், லீகில் 1916 இலும் அதன் பின்னரும் இரண்டாம் இடம் பெற்றதுமே மிச்சம். கழகம் முதன்முதலாக லீகை வென்றது 1939 இல். கேடயத்தை மீண்டும் வென்றது 1947 இல். நடுவர்கள் நேர்மையாக இருந்திருந்தால் இவரது கையில் பெருங்கோப்பைகள் இருந்திருக்கும் என்பது ஆதரவாளர் வாதம்.

இவ்வாதத்திற்கு வலுவான மறுப்பும் உண்டு. முகமதியன் விளையாட்டுக் கழகம் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீகை வென்றது. 1936 இல் கேடயத்தையும் வென்றது. அதே சங்கம், அதே மைதானங்கள். அக்கழகம் வெளியூர்களிலிருந்து தேர்ந்த வீரர்களைத் திரட்டியதோடு, தரை ஈரமான நாள்களில் பூட்சு அணியவும் தயங்கவில்லை. 1911 அணியில் பூட்சு அணிந்தவர் சுதீர் சட்டர்சி ஒருவரே; மோகன் பகான் அந்த மரபைப் பெருமையாகப் போற்றியது. அப்பெருமைக்குக் கொடுத்த விலை, விசிலால் இழந்ததைவிடக் கூடுதலாக இருந்திருக்கலாம். 1948 இலண்டன் ஒலிம்பிக்கிலும் இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலுடனேயே ஆடினர் என்பது இங்கு எண்ணத்தக்கது.

ஆயினும் 1934 இன் வெற்றியைக் கொண்டு அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் அநீதியே இல்லை என்று கூறுவது பொருந்தாது. தனித்தனித் தீர்ப்புகள் விவாதத்திற்குரியவை. இரண்டு கழக வரம்போ எழுதப்பட்ட விதி. கோப்பைகளைக் கொண்டு ஒரு பின்கள ஆட்டக்காரரை அளப்பதும் குறையுடைய அளவுகோலே. அவரது பட்டப்பெயர், அவர் விடாமல் தடுத்த கோல்களுக்காகக் கிடைத்தது.

நினைவு

கொல்கத்தாவில் ஈடன் தோட்டத்தை ஒட்டிச் செல்லும் சாலைக்குக் கோஷ்டோ பால் சரணி எனப் பெயரிடப்பட்டுள்ளது. அங்கு இவருக்குச் சிலையும் உண்டு. 1998 இல் இந்திய அஞ்சல் துறை இவரது நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.