இரண்டாம் தட்டில் காலெடுத்தவர்

கியூபா நாட்டு நடனத்தை ஆங்கிலேயருக்குக் கற்பித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அவர்தாம் பியேர் மார்கோல். நடன உலகம் அவரை 'மொஸ்யே பியேர்' என்றே மரியாதையுடன் அழைத்தது. முதல் உலகப் போருக்குப் பின் லண்டனில் குடியேறி, டேங்கோ, சாம்பா, ரும்பா, பாசோ டோப்ளே முதலிய நடனங்களைக் கற்பித்துப் பெயர் பெற்றார். டோரிஸ் லாவெல் என்னும் அம்மையார் அவருடைய நடனத் துணையாக விளங்கினார்.

1947-இல் பியேர் ஹவானா நகருக்குச் சென்றார். அங்கேதான் சோதனை காத்திருந்தது! இசையின் முதல் தட்டிலேயே அவர் அடியெடுத்து வைப்பதைக் கண்ட பெப்பே ரிவேரா என்னும் கியூபக் கலைஞர், அது தவறென்று எடுத்துக் காட்டினார். கியூபாவில் முதல் தட்டில் கால் நகராது. உடலின் பாரம் இறங்கி இடுப்பு அமரும். இரண்டாம் தட்டில்தான் அடி எழும். நம் பாட்டில் இடம் தள்ளி எடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடுப்பசைவைக் கண்டு முகஞ்சுளிப்போரும் உண்டு. ஆனால் அது வேண்டுமென்று ஆட்டுவதன்று. ஒரு முழங்கால் நிமிர்ந்து மற்றது மடங்கும்போது தானே வருவது.

பியேர் அப்போது புதியவர் அல்லர், புகழ்பெற்ற ஆசான். இத்தனை காலம் தாம் கற்பித்ததே பிழை என்று மாணவர் முன் எப்படிச் சொல்வது? வாய் மூடியிருந்தால் கேட்பார் எவருமில்லை. அவரோ கியூபரிடம் மாணவராக அமர்ந்து கற்றார். லண்டன் திரும்பியதும் புதிய முறையையே கற்பிக்கலானார். எதிர்ப்புக்குக் குறைவில்லை. சதுரமாக அடிவைக்கும் பழைய முறையே போதும் என்று மற்ற ஆசிரியர்கள் வாதிட்டனர். இச்சச்சரவு ஆண்டுக்கணக்கில் நீண்டு, 'ரும்பாப் போர்' என்றே பெயர் பெற்றுவிட்டது!

1950-களின் தொடக்கத்தில் மீண்டும் கியூபா சென்றவர், அங்கே பரவிவந்த சா-சா-சாவையும் கொண்டுவந்தார். ஆடுவோரின் காலணிகள் தரையில் உரசும் ஓசையே பெயராக அமைந்த குறும்பு நடனம் அது. ரும்பாவின் நிதானத்திற்கு நேர்மாறு.

1963-இல் பியேர் லண்டனில் காலமானார். லாவெல் அம்மையார் அவருடைய முறையைத் தொடர்ந்து கற்பித்தார். இன்று உலகப் போட்டிகளில் சாம்பா, சா-சா-சா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ் என்னும் ஐந்து நடனங்கள் லத்தீன் பிரிவில் இடம்பெறுகின்றன. அவற்றுள் ரும்பா ஆடுவோர் அடியெடுத்து வைப்பது இரண்டாம் தட்டில்தான்.