வீட்டுக்குள் படம் எடுக்க எந்த ஃபிளாஷ் வாங்கலாம்? வழிகாட்டும் சுப்ரதா மித்ராவின் வாழ்க்கை

மணவாள நகரில் ஒரு வீட்டில் வளைகாப்பு என்று வைத்துக்கொள்வோம். சின்ன ஹால், முப்பது பேர், ஒரே ஒரு டியூப்லைட். புதிதாக கேமரா வாங்கிய தம்பிதான் அன்றைக்கு போட்டோகிராபர். கேமராவோடு வந்த குட்டி ஃபிளாஷைத் தட்டிவிட்டு கிளிக் செய்கிறார். அக்காவின் நெற்றி வெள்ளையாகப் பளபளக்கிறது. பின்சுவரில் கன்னங்கரேலென்று ஒரு நிழல். நான்கடி தள்ளி நிற்கும் பாட்டி இருட்டில் காணாமல் போய்விட்டார்.

சரி, தனி ஃபிளாஷ் ஒன்று வாங்கிவிடலாம் என்று தேடினால் தலை சுற்றும். திருவள்ளூர், காக்களூர், கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் இளைஞர்கள் பலர் கேமராவையே இஎம்ஐயில்தான் வாங்குகிறார்கள். அதற்கு மேல் ஃபிளாஷுக்கு எவ்வளவு செலவழிப்பது? சக்தி அதிகமுள்ளதையா, எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் மாடலையா?

இந்தக் கேள்விக்குப் பதில், ஃபிளாஷே பயன்படுத்தாத ஒரு சினிமாக்காரரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் பெயர் சுப்ரதா மித்ரா. அறைக்குள் வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவருவது என்பதை 1956-லேயே ஒரு வெள்ளைத் துணியை வைத்துச் செய்து காட்டியவர்.

யார் இந்த சுப்ரதா மித்ரா?

1930 அக்டோபர் 12-ம் தேதி கல்கத்தாவில் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சைக்கிளில் போய் இங்கிலீஷ் படங்களாகப் பார்ப்பார். கல்லூரிக்கு வந்தபோது மனதில் இரண்டே ஆசைகள். ஒன்று, கட்டடக் கலைஞர் ஆக வேண்டும். இல்லையென்றால் சினிமா ஒளிப்பதிவாளர். கேமரா உதவியாளர் வேலை தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் அறிவியல் படிப்பைத் தொடர்ந்தார்.

1949-ல் பிரான்ஸ் இயக்குநர் ழான் ரெனுவார், ‘தி ரிவர்’ என்ற படத்தை எடுக்க கல்கத்தாவுக்கு வந்தார். மித்ரா அங்கேயும் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. ஷூட்டிங்கை வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. எந்த விளக்கு எங்கே நின்றது, நடிகர் எங்கிருந்து எங்கே நடந்தார், கேமரா எப்படி நகர்ந்தது என்று ஒவ்வொரு காட்சியையும் நோட்டில் எழுதி, படமும் வரைந்து வைத்தார். அந்தக் குறிப்புகள் எவ்வளவு துல்லியமாக இருந்தன என்றால், படத்தின் ஒளிப்பதிவாளர் கிளாட் ரெனுவாரே முந்தைய காட்சியின் வெளிச்சத்தைச் சரிபார்க்க அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார்.

அதே ஷூட்டிங்கில்தான் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சத்யஜித் ரேயும், கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவும் அவருக்குப் பழக்கமானார்கள்.

சினிமா கேமராவையே தொடாதவர்

1952 அக்டோபரில் ரே ‘பதேர் பாஞ்சாலி’யைத் தொடங்கியபோது மித்ராவுக்கு வயது 22. அதுவரை அவர் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. இவரை நம்பி எப்படிப் படம் எடுப்பது என்று பலர் தயங்கினார்கள். ரே தயங்கவில்லை. அவருக்கும் அதுதான் முதல் படம்!

பணம் தீர்ந்து ஷூட்டிங் மாதக்கணக்கில் நின்றது. ரே இன்சூரன்ஸ் பாலிசியையும் மனைவியின் நகைகளையும் அடகு வைத்தார். கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்ததால் படம் முடிந்து, 1955-ல் வெளியானது. அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் பரிசும் வாங்கியது. படத்தில் மிட்டாய்க்காரர் வரும் காட்சிக்கான சிதாரை வாசித்ததும் மித்ராதான்.

‘பதேர் பாஞ்சாலி’யின் பெரும்பகுதி கிராமத்தில் வெட்டவெளியில் எடுக்கப்பட்டது. அங்கே வெளிச்சத்தை சூரியன் பார்த்துக்கொண்டது. உண்மையான சிக்கல் அடுத்த படத்தில் வந்தது.

தோற்றுப்போன வாதம், கிடைத்த வழி

அடுத்த படம் ‘அபராஜிதோ’. கதை காசியில் நடக்கிறது. அங்குள்ள பழைய வீடுகள் நம்மூர் முற்றம் வைத்த வீடுகள் மாதிரிதான். நடுவில் திறந்தவெளி, சுற்றிலும் அறைகள். வானத்திலிருந்து வெளிச்சம் மெதுவாக, நிழலே இல்லாமல் உள்ளே இறங்கும். அந்த முற்றத்தைத் திறந்தவெளியில் செட் போடுவதாகத்தான் முதலில் திட்டம். மழைக்காலம் வந்துவிடும் என்ற பயத்தில், ஸ்டுடியோவுக்கு உள்ளேயே போட்டுவிடலாம் என்று பன்சி சந்திரகுப்தா முடிவெடுத்தார்.

மித்ரா ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைய ஸ்டுடியோ விளக்குகள் நடிகர்கள் மீது நேராக அடிப்பவை. நாலு விளக்கு இருந்தால் தரையில் நாலு நிழல் விழும். வானத்து வெளிச்சத்தை இந்த விளக்குகளால் கொண்டுவரவே முடியாது என்று வாதாடினார். யாரும் கேட்கவில்லை. செட் உள்ளேதான் போடப்பட்டது.

முற்றத்துக்கு மேலே, வானம் தெரிய வேண்டிய இடத்தில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணியை வைத்தார் மித்ரா. விளக்குகளை நடிகர்கள் பக்கம் காட்டாமல், கீழிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் பெரிய பரப்பாக, மென்மையாகக் கீழே இறங்கியது. திரையில் பார்த்தவர்களுக்கு அது காசி வீட்டு முற்றமாகவே தெரிந்தது. 1957-ல் ‘அபராஜிதோ’ வெனிஸ் விழாவின் உயர்ந்த விருதான தங்கச் சிங்கத்தை வென்றது. இன்று பவுன்ஸ் லைட்டிங் என்று எல்லா ஒளிப்பதிவாளர்களும் பேசும் முறையை இந்திய சினிமாவில் நிலைநிறுத்திய படம் இது.

இதில் என்ன அறிவியல்?

வெளிச்சம் எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வருகிறதோ, அவ்வளவு மென்மையாக நிழல் விழும். உச்சி வெயிலில் நம் நிழல் கோடு போட்ட மாதிரி இருக்கும்; மேகம் மூடினால் நிழலே கரைந்துவிடும். சூரியன் அதேதான். மேகம் மூடும்போது வானம் முழுக்க விளக்காகிவிடுகிறது.

ஃபிளாஷின் முகப்பு ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதை நேராக முகத்தில் அடித்தால் உச்சி வெயில் கதைதான். அதே ஃபிளாஷை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பினால், கூரையில் இரண்டு மூன்று அடி அகலத்துக்குப் பரவும் வெளிச்சம்தான் நம் விளக்கு. மித்ராவின் துணி செய்த வேலையை, நம் வீட்டில் சுண்ணாம்பு அடித்த கூரை செய்யும்.

இன்னொரு லாபமும் உண்டு. நேராக அடிக்கும் வெளிச்சம், தூரம் இரண்டு மடங்கானால் நான்கில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் முன்னால் இருப்பவர் வெளுத்து, பின்னால் இருப்பவர் இருண்டு போகிறார். கூரையிலிருந்து இறங்கும் வெளிச்சம் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் அவ்வளவு வித்தியாசம் பார்க்காது.

அப்படியென்றால் எதை வாங்குவது?

முதலில் பார்க்க வேண்டியது, ஃபிளாஷின் தலை மேலேயும் பக்கவாட்டிலும் திரும்புகிறதா என்பதை. மேலே மட்டும் திரும்பினால், கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது வெளிச்சம் கூரைக்குப் போகாது. தலையே திரும்பாத ஃபிளாஷ், இலவசமாகக் கொடுத்தாலும் அறைக்குள் பெரிதாக உதவாது.

அடுத்தது சக்தி. பெட்டியில் கைடு நம்பர் என்று ஒரு எண் இருக்கும். அது ஃபிளாஷை நீண்ட ஜூமில் குவித்து அளந்த எண்ணாக இருக்கலாம். அதனால் இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது, ஒரே ஜூமில் என்ன எண் என்று பாருங்கள். கூரையில் அடித்துத் திருப்பும்போது வெளிச்சத்தில் பெரும்பகுதி வழியிலேயே போய்விடும். ஆனாலும் பத்தடி உயரக் கூரை உள்ள அறையில் பயப்பட வேண்டாம். ஐஎஸ்ஓ 400, அப்பர்ச்சர் எஃப் 4, ஷட்டர் 1/125 வைத்து, ஃபிளாஷைக் கால் பங்கு சக்தியில் தொடங்கிப் பாருங்கள். கைடு நம்பர் 50-க்கு மேல் போட்டிருக்கும் சாதாரண ஃபிளாஷே இதற்குத் தாராளம்.

மூன்றாவது, டிடிஎல் வேண்டுமா? கேமராவே வெளிச்சத்தை அளந்து ஃபிளாஷின் சக்தியைத் தானாக மாற்றும் வசதி அது. ஓடி ஓடிப் படம் எடுக்கும் கல்யாண போட்டோகிராபருக்கு அது அவசியம். வீட்டு விசேஷம், குழந்தை போட்டோ, விற்பனைக்கான பொருட்களின் படம் என்றால் கையால் சக்தியை மாற்றும் மேனுவல் ஃபிளாஷ் போதும். கோடாக்ஸ் டிடி600, யோங்நுவோ ஒய்என்560 மாடல்கள் இந்த வகை. டிடிஎல் மாடல்களைவிட விலை நன்றாகவே குறையும். அறையின் வெளிச்சம் மாறாது என்பதால், இரண்டு மூன்று படம் எடுத்துப் பார்த்தாலே சரியான அளவு பிடிபட்டுவிடும்.

நான்காவதாக ஒரு எச்சரிக்கை. கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 போன்ற கேமராக்களில், ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடுவில் இருக்க வேண்டிய தொடுபுள்ளி கிடையாது. மற்ற கம்பெனிகளின் மேனுவல் ஃபிளாஷ்களை மாட்டினால் அடிக்காமலே போகலாம். இந்த கேமரா வைத்திருப்பவர்கள், கேனானுக்கென்றே செய்த டிடிஎல் மாடலைப் பார்ப்பது நல்லது. எந்த கேமராவாக இருந்தாலும் கடையிலேயே மாட்டி, ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் ரீசார்ஜ் செய்யக்கூடிய நல்ல பேட்டரி எட்டு வாங்குங்கள். நாலு ஃபிளாஷில், நாலு பையில்.

கூரை கைகொடுக்காத இடத்தில்?

நம் வீடுகளில் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று பெயின்ட் அடித்திருப்போம். பச்சைச் சுவரில் அடித்தால் முகமும் பச்சையாகத்தான் வரும். அங்கே வெள்ளைத் தெர்மாகோல் பலகையோ, கயிற்றில் விரித்த வெள்ளை வேட்டியோ போதும். மித்ராவின் துணியும் விலை உயர்ந்ததல்ல. உயரமான கல்யாண மண்டபத்தில் கூரையை நம்ப முடியாது. வெள்ளைக் குடை ஒன்று வேண்டும்.

கேமராவே இல்லை, போன்தானா? எல்இடி விளக்கு ஒன்றை ஆளின் முகத்துக்குக் காட்டாமல், பக்கத்து வெள்ளைச் சுவருக்குக் காட்டி எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

பிறகு மித்ரா என்ன ஆனார்?

‘ஜல்சாகர்’, ‘அபுர் சன்சார்’, ‘சாருலதா’ உட்பட ரேயின் பத்துப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தார். ரேயின் முதல் வண்ணப் படமான ‘காஞ்சன்ஜங்கா’வும் அதில் ஒன்று. 1966-ல் வந்த ‘நாயக்’ படத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து வேலை செய்யவில்லை. ஜேம்ஸ் ஐவரியின் ‘ஷேக்ஸ்பியர் வாலா’, இந்தியில் ‘தீஸ்ரி கசம்’ போன்ற படங்களிலும் அவர் உழைப்பு இருக்கிறது. ஆனால் நினைத்த வெளிச்சம் கிடைக்கும்வரை விடாதவர் என்பதாலோ என்னவோ, பிற்காலத்தில் எடுத்த படங்கள் மிகக் குறைவு. ‘நியூ டெல்லி டைம்ஸ்’ படத்துக்காக ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பெற்றார். பத்மஸ்ரீயும் கிடைத்தது.

கடைசி ஆண்டுகளில் கல்கத்தாவில் உள்ள சத்யஜித் ரே திரைப்படக் கல்லூரியில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒருகாலத்தில் வேடிக்கை பார்க்க மட்டுமே அனுமதி கிடைத்தவர், மற்றவர்களுக்குக் கற்றுத்தரும் இடத்துக்கு வந்திருந்தார். 2001 டிசம்பர் 7-ம் தேதி காலமானார்.

ஃபிளாஷ் வாங்குவதற்கு முன்னால் ‘அபராஜிதோ’வை ஒருமுறை பாருங்கள். அந்தக் காசி முற்றத்தில் யார் முகத்திலும் விளக்கு நேராக அடிக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் தெளிவாகத் தெரிகிறார்கள். கடையில் போய், தலை திரும்பும் மாடலைக் காட்டுங்க என்று கேட்பதற்கு அந்த ஒரு காட்சி போதும்.