போத்தனூர்ப் பெண் பெற்ற மேதை

கோயமுத்தூருக்குப் பக்கத்தில் உள்ளது போத்தனூர். ரயில் சந்திப்பு உள்ள ஊர். அங்கே 1881-ம் ஆண்டில் ஓர் அயர்லாந்துக் குடும்பத்தில் பெண் குழந்தை பிறந்தது. எத்தல் சாரா என்று பெயர் வைத்தார்கள். தந்தை எட்வர்டு ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயில் தலைமை என்ஜினீயர் பதவி வரை உயர்ந்தவர்.

அந்தப் பெண்ணின் மகன்தான் ஆலன் டூரிங். இன்று உலகமெங்கும் ஓடுகிற கம்ப்யூட்டர்களுக்கு அடிப்படைக் கருத்தைத் தந்தவர்!

கப்பலில் சந்திப்பு

ஜூலியஸ் டூரிங் சென்னை ராஜதானியில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தார். 1907-ல் கப்பலில் சாராவைச் சந்தித்தார். அதே ஆண்டில் டப்ளின் நகரில் இருவருக்கும் திருமணம் நடந்தது. மூத்த மகன் ஜான் குன்னூரில் பிறந்தான். இளையவன் ஆலன் 1912-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி லண்டனில் பிறந்தான்.

தந்தைக்கு வேலை இந்தியாவில். பிள்ளைகளை இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தாரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் கப்பல் ஏறினார்கள். பல ஆண்டுகள் தாயைப் பிரிந்து ஆலன் வளர்ந்தான்.

ஆனால் பிடிவாதக்காரன். 1926-ல் புதிய பள்ளிக்கூடத்தில் சேரப் புறப்பட்டான். அன்று நாடெங்கும் வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை. 13 வயதுச் சிறுவன் என்ன செய்தான்? சைக்கிளை எடுத்தான். வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கி, சுமார் 100 கிலோமீட்டர் மிதித்துப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தான்!

ஒரே எந்திரம், எல்லா வேலையும்

கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார் டூரிங். 1936-ல், 24 வயதில், ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில்தான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு இருந்தது.

அதைப் புரிந்து கொள்ள நம் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லி மலைக்குப் போவோம். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சாமையும் தினையும் விளைகிற ஊர்கள். நெல் அரைக்கும் மில்லில் சாமையைப் போட்டால் சரிப்படாது. மணி மிகச் சிறியது. அதனால் மலைப் பெண்கள் அதை உரலில் இட்டுக் கைவலிக்கக் குத்தினார்கள். பிறகு சிறு தானியத்துக்கென்று தனி எந்திரம் வந்தது. நெல்லுக்கு ஒன்று, சாமைக்கு ஒன்று. எந்திரங்களின் வழக்கமே அதுதான்.

கணக்குப் போடும் எந்திரமும் அப்படித்தான் இருக்க வேண்டுமா? கூட்ட ஒன்று, பெருக்க ஒன்று என்று செய்து கொண்டே போக வேண்டுமா? வேண்டாம் என்று காட்டினார் டூரிங். நீண்ட நாடாவில் குறிகளை எழுதவும், படிக்கவும், அழிக்கவும் தெரிந்த ஓர் எந்திரத்தை மனத்தில் கற்பனை செய்தார். வேறோர் எந்திரம் வேலை செய்யும் முறையை அந்த நாடாவில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். இது அதுவாகவே நடிக்கும்!

தெருக்கூத்தில் ஒரே ஆள் இன்று அர்ச்சுனன், நாளை துரியோதனன். வேஷமும் வசனமும் மாறுகின்றன, ஆள் மாறுவதில்லை. டூரிங்கின் எந்திரமும் அப்படிப்பட்ட கூத்தாடிதான்.

போரும் ரகசியமும்

1939-ல் போர் மூண்டது. எனிக்மா என்ற எந்திரத்தால் ஜெர்மானியர் தங்கள் செய்திகளை மறைத்து அனுப்பினார்கள். போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் அதை உடைக்க ஏற்கெனவே வழி கண்டிருந்தார்கள். பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் ரகசியமாக வேலை செய்த டூரிங், இன்னும் சக்தி வாய்ந்த எந்திரத்தை வகுத்துக் கொடுத்தார். கடலில் எத்தனையோ கப்பல்கள் தப்பின. ஆனால் இதை வெளியே சொல்ல அவருக்கு அனுமதி இல்லை.

போருக்குப் பின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே உருவான கம்ப்யூட்டருக்கு எப்படிக் கட்டளை எழுதுவது என்று கையேடு ஒன்றும் எழுதினார்.

கொடிய தண்டனை

ஓர் ஆணுடன் உறவு கொண்டிருந்தார் என்பதற்காக 1952-ல் அவர் மீது வழக்கு வந்தது. அந்நாளில் இங்கிலாந்தில் அது குற்றம். சிறைக்குப் போகிறாயா, மருந்தால் உடலை மாற்றிக் கொள்கிறாயா என்ற நிலை. மருந்தை ஏற்றார். நாட்டைக் காத்தவருக்கு நாடு செய்த கைம்மாறு அது!

1954-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. தற்கொலை என்றது விசாரணை. தாய் சாரா அதை நம்பவில்லை. விபத்து என்றே கடைசி வரை எண்ணினார். 1959-ல் மகனின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். போர்க்கால ரகசியம் அப்போது வெளிவரவில்லை. மகனின் பெருமையில் பாதியைத் தாயால் எழுத முடியவில்லை.

செத்த எந்திரம் பேசுகிறது

டூரிங்கின் கருத்து இன்று நம் வீட்டுக்கும் பயன்படுகிறது. எப்படி?

கொல்லி மலைச் செம்மேட்டில் ஒரு வியாபாரி 1997-ல் மிளகுக் கணக்கைக் கம்ப்யூட்டரில் எழுதிப் பிளாப்பித் தட்டில் வைத்தார் என்று வைத்துக் கொள்வோம். இன்று மகள் அதைத் திறக்கப் பார்க்கிறாள். புதிய கம்ப்யூட்டரில் பிளாப்பி நுழைய இடமே இல்லை. எப்படியோ உள்ளே ஏற்றினாலும் பழைய புரோகிராம் ஓடவில்லை. ஏன்? கம்ப்யூட்டருக்குள் மற்றப் புரோகிராம்களை வேலை வாங்குகிற மேஸ்திரி ஒன்று உண்டு. அதற்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். அன்றைய மேஸ்திரி விண்டோஸ் 95. இன்றைய மேஸ்திரிக்குப் பழைய ஆளின் பாஷை புரியவில்லை. தமிழ் எழுத்துகளோ, அன்றைய எழுத்துரு இல்லாததால், கிறுக்கலாகத் தெரிகின்றன.

கணக்கு போய்விட்டதா? இல்லை. பழைய எந்திரத்தைப் போல நடிக்கும் புரோகிராம்கள் இருக்கின்றன. அவற்றை எமுலேட்டர் என்கிறார்கள். 1964-ல் ஐ.பி.எம். நிறுவனம் புதிய கம்ப்யூட்டர்களை வெளியிட்டபோதே, தன் பழைய எந்திரத்தின் புரோகிராம்கள் அவற்றில் ஓட இவ்வகையில் வழி செய்தது. 2002 முதல் டாஸ்பாக்ஸ் என்ற இலவசப் புரோகிராம் பழைய டாஸ் கம்ப்யூட்டராக நடித்து வருகிறது. எல்லாம் டூரிங் 1936-ல் காட்டிய வழி!

மான்செஸ்டர் கம்ப்யூட்டருக்காக 1952-ல் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்பவர் வேடிக்கையான ஒரு புரோகிராம் எழுதினார். அது தானாகக் காதல் கடிதம் எழுதும்! அந்தக் கம்ப்யூட்டர் மறைந்து போயிற்று. ஆனால் அது வேலை செய்த விதம் காகிதத்தில் இருந்தது. அதைக் கொண்டு, அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அந்தக் கடிதங்களை மீண்டும் எழுத வைத்தார்கள்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வசனம் தொலைந்தால் கூத்தாடி என்ன செய்வான்? பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடும் முன் கோப்புகளைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். அவற்றோடு புரோகிராமையும் எழுத்துருவையும் சேர்த்து வையுங்கள். எந்த ஆபரேட்டிங் சிஸ்டம், எந்த ஆண்டு என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் டூரிங்குக்கு இழைத்த கொடுமைக்காக வருத்தம் தெரிவித்தார். 2013-ல் அரசியின் மன்னிப்பு வந்தது. 2021-ல் 50 பவுண்டு நோட்டில் அவர் படம் ஏறியது. இவற்றில் எதையும் பார்க்கத் தாய் இல்லை. போத்தனூரில் பிறந்த சாரா 1976-ல் காலமாகிவிட்டார்.