தெருக்குழாய் தந்த என்ஜினீயர்

ஒக்கலிபுரத்தில் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்தவர்களுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த அருமை அறிந்து ஒரு ஊருக்கே தண்ணீர் கொடுத்தவர், ஹென்றி டார்சி.

பிரான்ஸ் நாட்டு டிஜோன் நகரில் 1803-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி பிறந்தார். 14 வயதில் தந்தையை இழந்தார். தாயார் பாடுபட்டுப் படிக்க வைத்தார். பாரிசில் படித்து என்ஜினீயர் ஆனார். சொந்த ஊரிலேயே அரசு வேலை கிடைத்தது.

பணம் வேண்டாம்!

அப்போது டிஜோனில் கிணற்று நீரில் அசுத்தம் கலந்திருந்தது. 12.7 கிலோ மீட்டர் தூரத்தில் இருந்த ஊற்றில் இருந்து, மூடிய கால்வாய் மூலம் டார்சி தண்ணீர் கொண்டுவந்தார். பம்பு கிடையாது; சரிவில் தானாகவே ஓடி வந்தது. 1840-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி தண்ணீர் ஊர் வந்து சேர்ந்தது. பிறகு தெருவெங்கும் 142 குழாய்கள் அமைந்தன. ஏழையும் காசு கொடுக்காமல் பிடிக்கலாம்.

இந்த வேலைக்காக அவருக்குச் சேரவேண்டிய தொகை சுமார் 55 ஆயிரம் பிராங்க். அதை அவர் வாங்க மறுத்துவிட்டார்.

பாரிஸ்-லியோன் ரெயில் பாதை டிஜோன் வழியாகச் செல்லப் பாடுபட்டவரும் அவரே. அதற்காக மலையைக் குடைந்து, 4 கிலோ மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் அமைக்கத் திட்டமிட்டார்.

மணலில் கண்ட உண்மை

1848-ம் ஆண்டு புரட்சியால் ஊரைவிட்டு மாற்றப்பட்டார். பின்னர் உடல்நலம் குன்றி ஊர் திரும்பினார். அப்போதும் சும்மா இருக்கவில்லை. டிஜோன் ஆஸ்பத்திரி வளாகத்தில் இரும்புக் குழாயில் மணலை நிரப்பி, அதன் வழியே தண்ணீரை விட்டு அளந்தார்.

இரு முனைகளிலும் உள்ள நீர்மட்ட வித்தியாசம் கூடினால் ஓட்டம் கூடும். மணலின் நீளம் கூடினால் ஓட்டம் குறையும். இந்தக் கணக்கை 1856-ல் வெளியிட்டார். 1858-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி பாரிசில் காலமானார்.

கம்ப்யூட்டரில் டார்சி

இன்று நிலத்தடி நீரைக் கணக்கிடும் கம்ப்யூட்டருக்கு அந்த மணல் கணக்குதான் அடிப்படை. அமெரிக்காவில் நெவாடா, கலிபோர்னியா பாலைவனங்களின் அடிநிலத்தைக் கணக்கு நோட்டுப் போலக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் டார்சியின் கணக்கைப் போட்டு, தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கிறார்கள். மலையில் பெய்த மழை பூமிக்கடியில் ஊர்ந்து, ஊற்றாக வெளிவர ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகலாம்.

பெங்களூரின் அடியில் இருப்பது பாறை. அதன் வெடிப்புகளில்தான் தண்ணீர் நிற்கிறது. அங்கே கணக்குப் போடுவது கடினம். ஆனால் பாடம் ஒன்றே. ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சினால் மட்டம் இறங்கும். பக்கத்து வீட்டு போரும் வற்றும். 2024-ம் ஆண்டு கோடையில் இங்கே ஆயிரக்கணக்கான போர்கள் வறண்டதைக் கண்டோம்.

தண்ணீரைப் பொதுச்சொத்தாக நினைத்து, தன் கூலியையும் விட்டுக்கொடுத்தார் டார்சி. மோட்டார் சுவிட்சைப் போடும்போது அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.