டிராக்டர்காரர் லம்போர்கினி



ஹாஸ்டல் சுவரில் ஒட்டியிருக்கும் கார் படங்களில் பாதி ஃபெராரி, பாதி லம்போர்கினி. எது ஃபாஸ்ட் என்று மெஸ்ஸில் சோறு ஆறிப்போகும் வரைக்கும் சண்டை! லம்போர்கினி என்பது ஒரு மனிதரின் பெயர், அவர் முதலில் செய்தது டிராக்டர் என்று சொன்னால் நம்ம ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்களே சிரிக்கிறார்கள். சிரிக்காமல் கேளுங்கள்.

ஃபெருச்சியோ லம்போர்கினி 1916 ஏப்ரல் 28-ல் வடஇத்தாலியில் ரெனாட்சோ என்ற கிராமத்தில் பிறந்தார். பெற்றோர் திராட்சை விவசாயிகள். பையனுக்குக் கொடியைவிடப் பட்டறையில்தான் நாட்டம். பொலோன்யா பக்கம் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் படித்தார். (நம்ம டிப்ளமோ மாதிரி என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது!) 1940-ல் விமானப்படைக்கு அழைப்பு வந்தது. ரோட்ஸ் தீவில் வண்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் போட்டார்கள். போர் முடிந்தபோது பிரிட்டிஷாரிடம் கைதி. 1946-ல் ஊர் திரும்பினார். மறுவருஷமே, மகன் பிறந்தபோது, மனைவி இறந்துபோனார்.

போருக்குப் பிறகு இத்தாலியில் உழுவதற்கு டிராக்டர் கிடையாது. ஆனால் ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகள் நிறையக் கிடந்தன. அந்த எஞ்சின், கியர்பாக்ஸை எல்லாம் சேர்த்து இவர் டிராக்டர் கட்டினார். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் விலை குறைந்த டீசலுக்கு மாற்றிக்கொள்கிற ஏற்பாடு அதில் இருந்தது. அவ்வளவுதான், விவசாயிகள் தேடி வந்தார்கள். 1948-ல் கம்பெனி ஆரம்பம். அதே வருஷம் ஒரு குட்டி ஃபியட் காரின் எஞ்சினைப் பெரிதாக்கிக்கொண்டு மில்லே மில்யா பந்தயத்தில் ஓடினார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போன பிறகு, வழியில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சுவரில் மோதி நின்றது! அதோடு பந்தய ஆசை விட்டது.

டிராக்டரில் பணம் சேர்ந்தது. ஃபெராரி கார் வாங்கினார். அதில் கிளட்ச் அடிக்கடி போயிற்று. கழற்றிப் பார்த்தால் தன் டிராக்டரில் போடுகிற அதே வகை கிளட்ச்! என்ஸோ ஃபெராரியிடமே போய்க் குறை சொன்னார். டிராக்டர் ஓட்டுகிறவருக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்கிற மாதிரி பதில் வந்தது என்று ஃபெருச்சியோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் நிலத்தை வாடகை டிராக்டர் வைத்துத்தான் உழுகிறோம். கிளட்சைப் பாதி மிதித்தபடி சேற்றில் நாள் முழுக்க ஓட்டுகிற டிரைவரை எனக்குத் தெரியும். டிராக்டர்காரனுக்குக் கிளட்ச் தெரியாது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1963-ல் சான்ட்டகாட்டா என்ற ஊரில் கார் தொழிற்சாலை எழுந்தது. ஃபெராரியிலிருந்து வெளியேறியிருந்த பிட்ஸாரினி என்ற எஞ்சினியர் 12 சிலிண்டர் எஞ்சின் வரைந்து கொடுத்தார். நான்கு கேம் ஷாஃப்ட்! ஃபெராரி அப்போது ரோட்டுக்கு விற்ற 12 சிலிண்டர் கார்களில் இரண்டுதான். 1966-ல்தான் அவர்களும் நான்குக்கு வந்தார்கள்.

இனிதான் விஷயமே. 1966 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் மியூரா வந்தது. தல்லாரா, ஸ்டான்ட்ஸானி என்ற இளம் எஞ்சினியர்கள் வேலை நேரம் போக மீதி நேரத்தில் யோசித்த கார் அது. 3.9 லிட்டர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, டிரைவர் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். 350 குதிரைசக்தி. ஃபெராரியின் பதில் 1968-ல் பாரிஸில் வந்த டேடோனா. எஞ்சின் பழையபடி முன்னால்தான், ஆனால் 4.4 லிட்டர், 352 குதிரைசக்தி.

குதிரைசக்தி சமம், சரி. நேர் ரோட்டில் விட்டால்? நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் தொட, பத்திரிகைச் சோதனைகளில் டேடோனாவுக்கு ஆறு வினாடிகூட ஆகவில்லை. முதல் மியூராக்களுக்கு ஆறைத் தாண்டியது. உச்ச வேகத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், மணிக்கு 270, 280 கிலோமீட்டர்.

தியரிப்படி பார்த்தால் மியூராதானே ஜெயிக்கணும்? ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பாரம் பின்சக்கரத்துக்குப் போகிறது, எஞ்சின் எடையும் அங்கேதான், பிடிப்பு கூடும். ஆனால் டேடோனாவில் கியர்பாக்ஸைப் பின்னச்சோடு சேர்த்து வைத்து, எடையைச் சமன் செய்துவிட்டார்கள். எஞ்சின் பெரியது, டார்க் அதிகம். முதலில் இழுத்துக்கொண்டு போவது அந்த டார்க்தான். மியூராவுக்கு இன்னொரு தொல்லை. பெட்ரோல் டாங்க் முன்னால் இருந்ததால், பெட்ரோல் குறையக் குறைய மூக்கு லேசாகும். வேகத்தில் காற்று மூக்கைத் தூக்கும். ஸ்டியரிங் நழுவுகிற மாதிரி இருக்கும்! எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் வேறு. கியர் பல்லில் தேயும் இரும்புத்தூள் பேரிங்குக்குப் போகும் என்று நம்மில் முதல் வருஷப் பையனும் சொல்வான். கடைசியாக வந்த எஸ்.வி. மாடலில்தான் 385 குதிரைசக்தி வந்தது, ஆயிலையும் அந்த மாடலின் பிந்தைய கார்களில்தான் பிரித்தார்கள்.

அப்படியென்றால் ஃபெருச்சியோ தோற்றாரா? ஸ்டாப்வாட்சில் தோற்றார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டேடோனாவுக்கு அடுத்து 12 சிலிண்டரில் ஃபெராரி கொண்டுவந்த காரைப் பாருங்கள். 1971-ல் காட்டிய பி.பி. காரில் எஞ்சின் டிரைவருக்குப் பின்னால் போய்விட்டது! ஒரு வினாடி முந்தியவர்தான் வழியை மாற்றிக்கொண்டார். மெஸ் சண்டையில் இதை யாரும் சொல்வதில்லை.

அவரைச் சாய்த்தது ஃபெராரி இல்லை, டிராக்டர்தான். பொலிவியா நாடு ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுத்தது. தயாரிப்பு நடக்கும்போதே அங்கே ஆட்சி மாறி, ஆர்டர் ரத்து! கடன் ஏறியது. 1972-ல் கார் கம்பெனியில் 51 சதவீதத்தை விற்றார், 1974-ல் மீதியையும். இடையில் டிராக்டர் கம்பெனி சாமே என்ற நிறுவனத்துக்குப் போனது. (அந்தக் குழுமம் பின்னாளில் நம்ம ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலை போட்டது என்பது தெரியுமா நண்பர்களே?)

பிறகு ட்ராசிமேனோ ஏரிக்கரையில் நிலம் வாங்கி, திராட்சை பயிரிட்டு ஒயின் தயாரித்தார். அப்பா அம்மா செய்த அதே விவசாயம். 1993 பிப்ரவரி 20-ல், 76-ஆம் வயதில், பெருஜா நகரில் காலமானார்.